கிணற்றடியிலிருந்து ஓர் உயர் டிப்ளோமா
மெக்கட்ரோனிக்ஸ் படிப்பு: எமது பிள்ளைகளுக்கு எட்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு தகப்பனார் கையில் வழுவழுப்பான கடதாசி ஒன்றுடன் வாசலில் காத்து நின்றார். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது அவருக்கு வயது 15. சொந்தக் காணி இன்னமும் வேலிக்கு அப்பால். குத்தகைக் காணியில் வெங்காயமும் புகையிலையும் செய்து பிழைப்பவர்.

"சுவாமி, இது என்ன படிப்பு? எங்கட தம்பிக்குச் சரிவருமோ?"

'மெக்கட்ரோனிக்ஸ் பொறியியலில் உயர் டிப்ளோமா, 18 மாதங்கள்' என்று அந்தக் கடதாசியில் அச்சிடப்பட்டிருந்தது. அருகில் ஓர் இயந்திரக் கையின் படம். எனக்கும் அது இன்னதென்று விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். "நல்ல படிப்பாகத்தான் இருக்கும்" என்று சொல்லி, சிபாரிசுக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். தாயாரின் நகை அடைவுக்குப் போனது எனக்குப் பின்னரே தெரியவந்தது.

அந்தப் பதினெட்டு மாதங்களில் நடந்ததைப் பின்னர் சொல்கிறேன். அன்று நான் கேட்டறிந்திருக்க வேண்டியவற்றை முதலில் எழுதுகிறேன்.

பெயர் எங்கிருந்து வந்தது?

1969 இல் யப்பானின் யஸ்காவா என்னும் மின்மோட்டார் நிறுவனத்தில் பணியாற்றிய தெற்சுரோ மோரி என்ற பொறியியலாளர், 'மெக்கானிக்ஸ்' என்பதன் தலையையும் 'இலெக்ட்ரோனிக்ஸ்' என்பதன் வாலையும் சேர்த்து இச்சொல்லை உண்டாக்கினார். சிறிது காலம் அது அந்த நிறுவனத்தின் வியாபாரக் குறியாகவே இருந்தது. 1982 இல் நிறுவனம் உரிமையைக் கைவிட, எல்லோரும் பயன்படுத்தத் தொடங்கினர். இயந்திரமும் இலத்திரனியலும் கணினியும் ஒரே உடம்பில் சேர்ந்து வேலை செய்யும்படி அமைப்பதே இப்படிப்பின் பொருள்.

இதை விளங்கிக்கொள்ள எமது கிணற்றடியே போதும். இறைப்பு நாளில் ஒருவர் மிஷினைப் பார்க்கிறார். இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று தண்ணீர் மாறுகிறார். பாத்தி நிரம்புவதைக் கண் காண்கிறது. 'போதும்' என்று மனம் தீர்மானிக்கிறது. கை மண்ணை வெட்டி வாய்க்காலை அடைத்து அடுத்த பாத்தியைத் திறக்கிறது. பிறகும் கண் பார்க்கிறது, தண்ணீர் கசிந்தால் கை இன்னொரு வெட்டு மண் போடுகிறது. கண்ணுக்குப் பதிலாக உணரி, மனத்துக்குப் பதிலாக ஒரு சிறு கணினி, கைக்குப் பதிலாக மோட்டார் அல்லது வால்வு, பிறகு செய்தது சரிதானா என்று திரும்பிப் பார்க்கும் 'பின்னூட்டல்'. இவ்வளவும் சேர்ந்தால் அது மெக்கட்ரோனிக்ஸ். துலா மிதித்த எமது பாட்டன்மார் இதன் எல்லா உறுப்புகளையும் தம் உடம்பிலேயே வைத்திருந்தார்கள்.

நெல் ஆலைகளிலே இன்று அரிசியை நிறம் பிரிக்கும் இயந்திரத்தைச் சிலர் கண்டிருப்பீர்கள். அரிசி சரிவான தகட்டில் வழுக்கி விழும்போது ஒளியும் கமெராவும் ஒவ்வொரு மணியையும் பார்க்கின்றன. கறுத்த மணி வந்தால், அது விழுந்து முடிவதற்குள் ஒரு சிறு காற்று வால்வு திறந்து 'சிக்' என்று அதை ஊதித் தள்ளுகிறது. முன்னர் சுளகோடு பெண்கள் குந்தியிருந்து செய்த வேலை. அந்த வேலை போய்விட்டதே என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்த இயந்திரம் பழுதானால் அதைத் திருத்த ஆள் எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

எமக்குப் புதியதல்ல

1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின் நாம் என்ன செய்தோம் என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். பட்டரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். பெற்றோல் இல்லாதபோது காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்தக் காலத்தில் எம்மவர் எவருக்கும் டிப்ளோமா இல்லை. இயந்திரமும் மின்சாரமும் எங்கே கைகோக்கின்றன என்பதைப் பசி கற்பித்தது.

நான் மேலே சொன்ன தகப்பனாரும் அந்த டைனமோவைச் சுற்றியவர். அவருடைய தகப்பனார் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பிற்றராக இருந்துகொண்டே தோட்டமும் செய்தவர். 1990 இல் ஆலை நின்றது. ஊரும் போயிற்று. ஒரு தலைமுறை அறிந்த தொழில் அடுத்த தலைமுறைக்குக் கைமாறாமலே போனது. இடப்பெயர்வில் நாம் இழந்தவற்றைக் கணக்கெடுத்த எந்தப் படிவத்திலும் இந்த இழப்புக்கு ஒரு கட்டம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பதினெட்டு மாதங்கள்

இனி அந்தக் கதைக்கு வருகிறேன். பிள்ளை சனி, ஞாயிறு நாட்களில் நகரத்திலுள்ள அந்தத் தனியார் நிறுவனத்துக்குப் போய்வந்தான். வகுப்பறை குளிரூட்டப்பட்டது. ஆசிரியர் நல்லவர், ஆனால் அவர் கற்பித்ததெல்லாம் திரையில் விழும் படங்களிலிருந்துதான். கடைசல் இயந்திரம் ஒன்றுகூட இல்லை. கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. பதினெட்டாம் மாதம் முத்திரை பதித்த அழகான சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கொண்டு ஒரு தொழிற்சாலைக்குப் போனபோது, நேர்முகத்தில் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "இது எத்தனையாம் மட்டம்?" பிள்ளையிடம் மறுமொழி இல்லை.

விசாரித்துப் பார்த்தேன். நிறுவனம் பதிவுசெய்யப்பட்டதுதான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பாடநெறிக்குத் தரஅங்கீகாரம் இல்லை. இவை இரண்டும் வேறு வேறு விடயங்கள் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். கட்டிய காசு திரும்பி வரவில்லை. நகையை மீட்க அந்தக் குடும்பத்துக்கு இரண்டு போகம் வெங்காயம் சென்றது.

மட்டங்கள்

இலங்கையில் 'தேசிய தொழிற்றகைமை' என்ற ஒழுங்கு உண்டு. என்.வி.கியூ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஏழு மட்டங்கள். முதல் நான்கும் சான்றிதழ்கள். நான்காம் மட்டம் பெற்றவர் தன் தொழிலைத் தனித்துச் செய்யக்கூடியவர். ஐந்தாம் மட்டம் தேசிய டிப்ளோமா. ஆறாம் மட்டம் உயர் தேசிய டிப்ளோமா. ஏழாம் மட்டம் பட்டம். இதை மேற்பார்வை செய்வது, 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. ஒரு நிறுவனம் அங்கே பதிவுபெற வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பாடநெறிக்கும் தனித்தனியாகத் தரஅங்கீகாரம் பெற வேண்டும். இரண்டாவது இருந்தால்தான் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் கிடைக்கும்.

இதிலுள்ள நன்மை என்னவெனில், உயர்தரப் பரீட்சையில் தவறிய பிள்ளைக்கும் இது அடைபட்ட வழியல்ல. மின்னிணைப்பாளராகவோ, வெல்டிங் வேலையாளராகவோ, வாகனத் திருத்துநராகவோ நான்காம் மட்டம் முடித்தவர், அங்கிருந்து ஐந்துக்கும் ஆறுக்கும் ஏறலாம். தகுதியிருந்தால் இரத்மலானையில் உள்ள யுனிவோட்டெக் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பல்கலைக்கழகம் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதற்கெனவே உருவாக்கப்பட்டது. பாடசாலையிலும் ஒரு கதவு உண்டு. உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை 2013 இல் தொடங்கி, அதன் முதற் பரீட்சை 2015 இல் நடந்தது. அதில் பொறியியற் தொழில்நுட்பம் கற்ற பிள்ளைக்கு டிப்ளோமாவின் முதலாண்டு அவ்வளவு கடினமாக இராது. வடக்கில், 2016 இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இயந்திரவியல், மின்னியல், வாகனத் தொழில்நுட்பம் போன்றவற்றைக் கற்பிக்கிறது. எம் ஊர் வாயில் அது 'ஜேர்மன் ரெக்'.

வெளிநாட்டுச் சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு சொல். பிரித்தானிய பீ.டெக். உயர் டிப்ளோமா உலகறிந்த ஒன்று. அது அந்நாட்டுக் கணக்கில் ஐந்தாம் மட்டம். எமது நாட்டில் ஐந்தாம் மட்டம் சாதாரண டிப்ளோமா. இலக்கம் ஒன்றாயிருந்தாலும் படி ஒன்றல்ல. ஆகவே மட்டம் எத்தனை என்று மட்டும் கேளாமல், எந்த நாட்டு மட்டம், அதை வழங்குவது யார் என்றும் கேட்க வேண்டும்.

பிள்ளை டிப்ளோமா முடித்தால் 'இஞ்சினியர்' ஆகிவிடுவான் என்று ஊரில் சொல்லிக்கொள்வதும் சரியல்ல. 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க இலங்கைப் பொறியியல் பேரவைச் சட்டம், பட்டயப் பொறியியலாளரை ஒரு வகையாகவும் பொறியியல் டிப்ளோமாதாரியை இன்னொரு வகையாகவும் பதிவுசெய்கிறது. இதில் குறைவு ஏதுமில்லை. ஆலையில் இயந்திரம் நின்றால் முதலில் ஓடிவருபவர் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினரே.

அரமும் சிக்கலெண்ணும்

எமது பிள்ளை கீழிருந்து மறுபடியும் தொடங்கினான். மின்னிணைப்பில் நான்காம் மட்டம் முடித்து, தெற்கிலுள்ள ஓர் அரச தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கட்ரோனிக்ஸ் டிப்ளோமாவில் சேர்ந்தான். இப்போது ஆறாம் மட்டத்தில் இருக்கிறான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவனிடம் கேட்டுக் கேட்டு நான் அறிந்தவற்றையே இங்கு தருகிறேன்.

முதல் வாரங்களில் கணினி கிடையாது, றோபோ கிடையாது. ஓர் இரும்புத் துண்டையும் ஓர் அரத்தையும் கொடுத்து, நான்கு பக்கமும் சதுரமாக, மில்லிமீற்றரில் ஒரு சிறு பங்குகூடப் பிழையாமல் அராவி வரச் சொன்னார்களாம். அரம் கையில் ஆடும். ஆடினால் நடு உயர்ந்து ஓரம் தாழும். வேணியர் இடுக்கிமானியால் அளந்து பார்த்து, "மறுபடி" என்பார் ஆசிரியர். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையிலும் கொப்புளம் வந்தது. தகப்பனார் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கோ பஸ் ஏறிப் போனனி?" என்று கேட்டாராம். ஆனால் ஆசிரியர்கள் இதை வீணுக்குச் செய்விப்பதில்லை. ஒரு துண்டு எவ்வளவு நேராக இருக்கலாம், எவ்வளவு பிழை பொறுக்கும் என்பதைக் கை அறியாதவன், பின்னர் கணினியில் வரையும் வரைபடத்தில் எழுதும் எண்கள் வெறும் எண்களே.

பிறகுதான் மற்றவை வரும். கடைசல், வெல்டிங், பொறியியல் வரைபு, மோட்டார்கள். அழுத்திய காற்றினால் இயங்குபவை ஒரு பாடம். பஸ் கதவு 'புஸ்' என்று திறப்பது அதுவே. எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குபவை இன்னொரு பாடம். உழவு இயந்திரம் கலப்பையைத் தூக்குவதும் டிப்பர் மண் கொட்டுவதும் அது. அதன்பின் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கணினி. முன்பு கார்த் தொழிற்சாலைகளில் அலுமாரி அலுமாரியாக றிலே சுவிற்சுகள் இருந்தன. காரின் மாதிரி மாறும்போதெல்லாம் வயர்களைப் பிடுங்கி மாற்றிக் கட்ட வேண்டும். அந்தத் தொல்லையை ஒழிப்பதற்காக 1968 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் கேட்டதன் விளைவாகவே முதற் பி.எல்.சி. பிறந்தது. வயரை மாற்றாமல் கட்டளையை மாற்றினால் போதும். கட்டளைகளோ பெரும்பாலும் மூன்று சொற்களால் ஆனவை: 'அதுவும் இதுவும்', 'அதுவோ இதுவோ', 'அது இல்லாவிட்டால்'. கிணற்றில் தண்ணீர் உண்டு, தொட்டி நிரம்பவும் இல்லை, அப்படியானால் பம்பை ஓட்டு.

பிள்ளைகள் விழுவது கணிதத்தில். மாறும் மின்னோட்டத்தைக் கணக்கிடச் சிக்கலெண்கள் வேண்டும், கட்டுப்பாட்டியலுக்கு நுண்கணிதம் வேண்டும். சாதாரண தரத்தில் கணிதத்தை ஒப்பேற்றிய பிள்ளை முதல் ஆறு மாதம் மூச்சுத்திணறும். அடுத்தது ஆங்கிலம். இந்த மட்டத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான். எமது பிள்ளை ஒரு கொப்பியின் இடப்பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் வலப்பக்கத்தில் தன் தகப்பனார் சொல்லும் சொல்லையும் எழுதி வைத்திருக்கிறான். சில இடங்களில் வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. சில இடங்களில் வலப்பக்கச் சொல்லே மேலானது. குருமடத்தில் தத்துவவியலை அந்நிய மொழியில் படித்து இரண்டு ஆண்டு ஊமையாயிருந்தவன் என்ற முறையில் அவனுடைய கஷ்டம் எனக்கு விளங்கும்.

செலவும் உண்டு. அரச கல்லூரியில் கட்டணம் தனியார் கேட்பதோடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது. ஆனால் தங்குமிடம், சாப்பாடு, பஸ், பல்மானி, இரண்டாம் கையிலாவது ஒரு கணினி ஆகியவற்றை யாரும் கடதாசியில் அச்சிடுவதில்லை. தொழிற்சாலைப் பயிற்சிக் காலத்தில் பிள்ளை சம்பாதிக்கும் என்று நம்பி வீட்டுக் கணக்கைப் போடாதீர்கள். பெண்பிள்ளைகளை இதற்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன்னால் இருத்தச் சம்மதிக்கும் நாம், அதே இயந்திரத்தைத் திருத்தும் இடத்தில் அவளை வைக்க ஏன் யோசிக்கிறோம்?

யாராவது உங்களிடம் கடதாசி நீட்டினால், காசு கட்டுமுன் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பறையை அல்ல, பட்டறையை. ஒரு மாணவன் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் இயந்திரத்தைத் தன் கையால் தொடுகிறான் என்று, அங்கு படிக்கும் பிள்ளையிடமே தனியாகக் கேளுங்கள். பாடநெறியின் பெயரைச் சொல்லி அதன் தரஅங்கீகாரத்தை ஆணைக்குழுவிடம் உறுதிசெய்யுங்கள். தொழிற்சாலைப் பயிற்சியை யார் ஒழுங்குசெய்வது, இடையில் நின்றால் காசு திரும்புமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். தெரியாவிட்டால் பங்கில் வந்து கேளுங்கள். எனக்கும் தெரியாவிட்டால் இம்முறை தெரியாது என்றே சொல்வேன், சேர்ந்து விசாரிப்போம்.

சவர் அறியும் பெட்டி

ஆறாம் மட்டத்தில் ஒவ்வொரு மாணவனும் ஒரு செய்திட்டம் செய்ய வேண்டும். மற்றவர்கள் போத்தல் நிரப்பும் இயந்திரம், பொருள் தரம்பிரிக்கும் பட்டி என்று எடுத்துக்கொள்ள, இவன் கிணற்றை எடுத்தான்.

குடாநாட்டின் கீழே சுண்ணக்கல். மழையால் ஊறிய நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. அளவுக்குமேல் இறைத்தால் உவர் மேலேறும். வெங்காயம் அதைத் தாங்காது. மிஷின் வந்தபின் இறைப்பது இலகுவாயிற்று, நிறுத்துவதுதான் கடினம். உவர்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எனவே இரண்டு உலோகக் கம்பிகளை நீரில் வைத்து அளந்தால் உவரின் அளவு தெரியும். உலக உணவு விவசாய நிறுவனத்தின் 1985 ஆம் ஆண்டு வழிகாட்டி, இந்தக் கடத்துதிறன் மீற்றருக்கு 0.7 டெசிசீமென்ஸ் வரை கவலையில்லை, 3 ஐத் தாண்டினால் பயிருக்குக் கடும் பாதிப்பு என்கிறது. அளவு எல்லை மீறினால் ஒரு றிலே மிஷினின் மக்னெற்றோவைப் பூமியோடு இணைக்கும். பிளக்கில் பொறி வராது. மிஷின் நிற்கும்.

சொல்ல இலகு. முதலில் வைத்த செப்புக் கம்பி மூன்று கிழமையில் பச்சை பிடித்துப் பொருமிவிட்டது. ஒரே திசையில் மின்சாரம் ஓடினால் கம்பி அரிக்கும், திசையை மாற்றி மாற்றி அனுப்பு என்றார் ஆசிரியர். துருப்பிடிக்காத உருக்குக் கம்பிக்கு மாறினான். அடுத்து, காலையில் நல்ல தண்ணீர் என்று சொன்ன பெட்டி, மத்தியானம் வாய்க்கால் சூடேறியதும் உவர் என்றது. நீர் ஒரு பாகை சூடேறினால் கடத்துதிறன் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு கூடும். அதனால் வெப்பத்தையும் அளந்து கழிக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல வாய்க்காலில் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிப்பு முடிந்தால் பிள்ளை ஊரில் நிற்பானா என்று அவரிடம் கேட்டேன். கொழும்போ, கட்டாரோ, யாருக்குத் தெரியும். "போறதெண்டாப் போகட்டும் சுவாமி. இந்தப் பெட்டியை மட்டும் சரியாக்கிப்போட்டுப் போகட்டும்" என்றார்.

கடைசியாக நான் அங்கே போனபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக் கதியாலில் பெட்டி தொங்கியது, அதில் பச்சை விளக்கு. மூன்றாவது வரிசைப் பாத்திக்குத் தண்ணீர் மாறும்போது தகப்பனார் குனிந்து, அள்ளி, நாக்கில் வைத்தார்.

"தம்பி, சவர் தட்டுது."

பெட்டியில் இன்னமும் பச்சை விளக்குத்தான். மகன் மறுபேச்சுப் பேசவில்லை. திருகியை எடுத்துப் பெட்டியின் உள்ளேயிருந்த சிறு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினான். மிஷின் நின்றது.